பள்ளிக் கவுன்சிலர் சம்பளம்: உங்களுக்கு எதை வைத்துப் போட்டார்கள்?

தாம்பரம்_தாரா

இன்க்ரிமென்ட் பேச்சு போன வாரம் முடிந்தது. இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த இழை.

சிபிஎஸ்இ பள்ளி. எம்.எஸ்ஸி. சைக்காலஜி, கூட ஒரு கைடன்ஸ் டிப்ளமோ. கையில் வருவது 28,000. பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்லும் வேலை, இங்கே யாருக்கும் அதற்கு மேல் விளக்க வேண்டாம்.

கரஸ்பாண்டன்ட் மேசையில் எக்ஸெல் பிரின்ட்-அவுட் கிடந்தது. தலைகீழாகவே படித்துவிட்டேன். பெயர், டிகிரி, சர்வீஸ், அடுத்த கட்டத்தில் 'பீரியட்/வாரம்'. மேத்ஸ் மிஸ்ஸுக்கு 32, பி.டி. சாருக்கு 28, எனக்கு 0. அந்த சைபரைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் வட்டம் வேறு. "கிளாஸே எடுக்கலையேம்மா நீங்க, டீச்சர் ஸ்கேல் எப்படிப் போடறது?" என்றார். அதற்கு முந்தின நாள்தான் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனோடு, அவன் அப்பா வந்து சேரும்வரை, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள்?

என் பெயர் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜுக்கும் லைப்ரரி அசிஸ்டென்டுக்கும் நடுவில், நான்-டீச்சிங்கில் இருக்கிறது. ஏற்றம் 1,000. கிளம்பும்போது, "உங்க ரூம்ல ஏசி இருக்குல்ல?" என்று ஒரு கேள்வி வேறு.

உங்களுக்கெல்லாம் எதை வைத்துப் போட்டார்கள்?

கொங்கு_கீதா

தாரா, உங்களுக்கு ஒரு லிஸ்டிலாவது பெயர் இருக்கிறது. நான் எந்த லிஸ்டிலும் இல்லை.

9 முதல் 12 வரை 300 பிள்ளைகளுக்குக் குறைவாக இருந்தால் பகுதிநேரக் கவுன்சிலர் போதும் என்று, 2026 ஜனவரியில் மாற்றும்வரை, சிபிஎஸ்இ விதியிலேயே இருந்தது, தெரியும்தானே. நான் போகும் பள்ளிகள் எல்லாம் அந்த ரகம். ஒரு நாள் வந்து போனால் 1,500. மழைக்கு லீவு விட்டால் இல்லை, பரீட்சை வாரத்தில் "வேண்டாம் மேடம், பிள்ளைங்க பிஸி" என்றால் இல்லை. பிள்ளைகளுக்கு நான் அதிகம் தேவைப்படுவதே பரீட்சை வாரத்தில்தான், அது வேறு கதை.

மறக்க முடியாதது ஒரு வவுச்சர். கேஷியர் கையெழுத்துக்கு நீட்டினார். செலவுத் தலைப்பு: 'ரிப்பேர் அண்டு மெயின்டனன்ஸ்'. எனக்கு மேல் வரியில் மோட்டார் காயில் கட்டியவர், கீழே செப்டிக் டேங்க் லாரி. "இதுல ஏன் சார் என்னைப் போட்டிருக்கீங்க?" என்றேன். "வேற தலைப்புல பட்ஜெட் இல்ல மேடம்" என்றார், ரொம்ப இயல்பாக. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். அந்த மாதம் எனக்குக் காசு வேண்டியிருந்தது.

கணக்கப்பிள்ளை_திருச்சி

என் மனைவி ஒரு பள்ளியில் கவுன்சிலராக வெகுகாலம் இருந்தார். விலகியபோது கிராஜுவிட்டி (பணிக்கொடை) கேட்டோம். "அவங்க கன்சல்டன்ட் சார், ஸ்டாஃப் இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். கதை அவ்வளவுதான்.

கீதா மேடமும் மற்றவர்களும் இதைக் கவனிக்கவும். வருமான வரித் தளத்தில் 2026 மார்ச் வரையிலான உங்கள் 26ஏஎஸ்-ஐ (உங்கள் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) திறந்து பாருங்கள். பிரிவு 192 என்று இருந்தால் உங்களுக்குத் தருவது சம்பளம். 194ஜே என்று இருந்தால், பள்ளியின் கணக்கில் நீங்கள் வெளியாள். உங்களுக்குத் தருவது தொழில்முறைக் கட்டணம். 10 சதவீதம் டிடிஎஸ் வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பிஎஃப் கிடையாது, மகப்பேறு விடுப்பு கிடையாது, கோடை விடுமுறைச் சம்பளமும் கிடையாது. பள்ளிக்கு இதில் இரட்டை லாபம்: பிஎஃப்-க்குத் தன் பங்காகக் கட்ட வேண்டிய 12 சதவீதம் மிச்சம், பிற்பாடு கிராஜுவிட்டியும் மிச்சம். பள்ளி ஆசிரியர்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு என்று 2009-ல் சட்டத்தையே திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும் என்றார்கள். பள்ளிகள் வழக்குப் போட்டும் 2022-ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அதெல்லாம் ஸ்டாஃபுக்கு. தினமும் போய்ப் பயோமெட்ரிக்கில் விரல் வைக்கிறீர்கள், பிரின்சிபாலிடம் லீவு லெட்டர் கொடுக்கிறீர்கள், பள்ளி ஐடி கார்டு மாட்டுகிறீர்கள் என்றால் 'கன்சல்டன்ட்' என்ற வாதம் நிற்காது. அதற்கு ஆதாரம் வேண்டும். ஐடி கார்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஆண்டு விழா அழைப்பிதழில் உங்கள் பெயர் ஊழியர் பட்டியலில் வந்தால் அதையும் எடுத்து வையுங்கள். அப்பாயின்ட்மென்ட் லெட்டர் இல்லாமல் ஜூன் மாதம் உள்ளே காலெடுத்து வைக்காதீர்கள்.

மதுரை_மல்லி

அண்ணே, லெட்டர் கேட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். ஊரில் எத்தனை எம்.எஸ்ஸி. சைக்காலஜி சும்மா இருக்கிறது தெரியுமா?

தாராவுக்கு ஒன்று சொல்லணும். 28,000, ஏசி, வருஷம் பூராவும் சம்பளம். இதற்கு ஒரு இழையா? நான் அரசு நடத்தும் பள்ளி ஒன்றில் ஒப்பந்தக் கவுன்சிலர். எங்களுக்குப் பேரமே கிடையாது. மொத்தத் தொகையை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடுவார்கள், எல்லாருக்கும் ஒன்று. டிஏ இல்லை, இன்க்ரிமென்ட் இல்லை. கல்வியாண்டு முடிந்ததும் வெளியே. அடுத்த வருஷம் அதே வாக்-இன், அதே வரிசை, அதே சர்டிஃபிகேட் ஜெராக்ஸ். போன தடவை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண், பள்ளியில் நான் கவுன்சிலிங் கொடுத்த பிள்ளை. "மிஸ், நீங்களும் இதுக்குத்தான் வந்தீங்களா?" என்றாள். இருவருக்கும் ஒரே போஸ்ட்டுக்கு இன்டர்வியூ. அனுபவத்துக்கு இங்கே மதிப்பெண் உண்டு, ரூபாய் கிடையாது. சேர்ந்தால் அவளுக்கும் எனக்கும் ஒரே தொகைதான்.

தாம்பரம்_தாரா

மல்லி, உங்களைவிட எனக்கு அதிகமா குறைவா என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கு நோட்டீஸ் போர்டில் ஒரு தொகையாவது எழுதி ஒட்டுகிறார்கள். எங்களுக்கு அதுவும் வாய்வழி. பள்ளி ஊழியருக்கு மாநில அரசுச் சம்பளத்துக்கு இணையாகத் தர வேண்டும் என்றுதான் சிபிஎஸ்இ விதி பேசுகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வகுப்பாசிரியர் போல நிரந்தரக் கவுன்சிலர் பதவி பள்ளிக்குப் பள்ளி இருக்கிறதா? இல்லை. அப்புறம் எதற்கு இணையாகத் தருவார்கள்? அந்த ஓட்டையில்தான் நாம் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். ஏசி பற்றி: ரிமோட் பிரின்சிபால் ரூமில் இருக்கிறது.

மட்டுநகர்_வாத்தியார்

வணக்கம். நான் இலங்கையில் வழிகாட்டல் ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியர். எங்களுக்கு ஆலோசகர் என்று தனிச் சம்பளம் இல்லை. ஆசிரியர் சேவையில் எந்தத் தரமோ அந்தத் தரத்துச் சம்பளம்தான். கணித ஆசிரியருக்கும் எனக்கும் ஒரே தரம் என்றால் ஒரே அடிப்படைச் சம்பளம். 2021 சம்பள முரண்பாட்டுப் போராட்டத்திலும் எல்லாரும் ஒன்றாகத்தான் நின்றோம்.

ஆனால் அந்த சைபர் எங்களிடமும் இருக்கு, தங்கச்சி. யாரும் லீவென்றால் காலையில் முதல் ஆளாய் என்னைத்தான் ரிலீஃபுக்கு அனுப்புவினம், "உங்களுக்குப் பாடம் இல்லைத்தானே சேர்" என்று. ஒருநாள் ஒரு பிள்ளை என்ர அறையில் இருந்து அழுதுகொண்டிருக்க, பாடசாலை அதிபர் கதவைத் திறந்து 8பி-க்குப் போகச் சொன்னார். பிள்ளை கண்ணைத் துடைச்சுக்கொண்டு எழும்பிட்டுது. திரும்பி வரவே இல்லை. சம்பளத்தில் ஒரு சதமும் குறையவில்லை, அது உண்மை.

டாலஸ்_சித்தி

வெளிநாட்டில் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று யாராவது ஆரம்பிக்கும் முன்னால் நானே வந்துவிடுகிறேன். டெக்சஸில் மாநிலக் குறைந்தபட்சச் சம்பள அட்டவணை ஒன்று உண்டு. ஆசிரியர், லைப்ரரியன், நர்ஸ், கவுன்சிலர் எல்லாரும் அதே அட்டவணை, சர்வீஸ் வருடத்தை வைத்துப் படிப்படியாக ஏறும். அதற்கு மேல் அந்தந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) தன் வசதிக்குப் போட்டுத் தரும். இதுவரை நியாயம்தான்.

2025-ல் ஹவுஸ் பில் 2 என்ற மாநிலச் சட்டம் வந்தது. 5,000 மாணவருக்கு மேல் உள்ள டிஸ்ட்ரிக்டில் 3, 4 வருட அனுபவம் என்றால் 2,500 டாலர், 5 வருடமோ அதற்கு மேலோ என்றால் 5,000 டாலர் ஏற்றம். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் போனில் மெயிலைத் திறந்து கைதட்டினார்கள், நானும்தான். கடைசிப் பத்தியில் 'வகுப்பறை ஆசிரியருக்கு' என்று இருந்தது. கவுன்சிலருக்கு வேறு நிதியாம். அது பஸ் டிரைவர், ஆபீஸ் ஊழியர் எல்லாரோடும் சேர்த்துப் பங்கு போடுவது. குறைந்தபட்சம் போடும்போது நாங்கள் டீச்சரோடு, ஏற்றம் வரும்போது டிரான்ஸ்போர்ட்டோடு. தாரா, உங்கள் எக்ஸெல் ஷீட்டை இவர்களும் பார்த்துவிட்டார்கள் போல.

பொருநை_பொண்ணு

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, 100 மாணவரோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிறுவனத்தில் தகுதியான கவுன்சிலர் ஒருவராவது வேண்டும் என்று. அது வந்ததும் நம் மார்க்கெட் ஏறும் என்று எங்கள் பேட்ச் குரூப்பில் லட்டு படமெல்லாம் போட்டார்கள்.

ஏறியது போன் கால்தான். பக்கத்து மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலிருந்து: "மேடம் நீங்க வரவே வேண்டாம். சர்டிஃபிகேட் காப்பி, ஆதார், ஒரு போட்டோ. மாசம் 3,000 போட்டுவிடறோம்." இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மட்டும் புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் போதுமாம். நான் வைத்துவிட்டேன். என் ஜூனியர் ஒருத்தி ஒத்துக்கொண்டாள், கல்விக் கடன் வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது, குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்தப் பள்ளி இணையதளத்தில் கட்டாயத் தகவல் பக்கத்தைத் திறந்து காட்டினாள். 'கவுன்சிலர் மற்றும் வெல்னஸ் டீச்சர்' என்ற வரிக்கு நேரே அவள் பெயர். அந்த ஊருக்கு அவள் போனதே இல்லை.

கணக்கப்பிள்ளை_திருச்சி

ரொம்ப ஆபத்தான விஷயம். நாளைக்கு அங்கே ஒரு பிள்ளைக்கு ஏதாவது என்றால் முதல் விசாரணை இந்தப் பெண்ணிடம்தான் வரும். உடனே எழுத்தில் விலகல் கொடுக்கச் சொல்லுங்கள், பதிவுத் தபாலில். அந்த 3,000 பேங்க் வழியா வருகிறதா, கையிலா? டிடிஎஸ் பிடிக்கிறார்களா?

பொருநை_பொண்ணு

ஜிபே சார். பள்ளி வேன் டிரைவர் நம்பரிலிருந்து.