பல் கூச்சத்துக்குக் காற்று ஊதிப் பார்த்துவிட்டுப் பற்பசை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதுமா?

கேள்வி:
குளிர்ந்த நீர் பட்டாலே இடப்பக்க மேல்வரிசையில் இரண்டு பற்கள் சுரீரென்று கூசுகின்றன. பல் மருத்துவர் ஒவ்வொரு பல்லின் மீதும் காற்றைப் பீய்ச்சி, கூர்முனைக் கருவியால் ஈறோரத்தில் வருடிப் பார்த்தபின், பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஒரு வாரமாகியும் கூச்சம் குறையவில்லை. வேறு மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

பதில் 1 (பல் மருத்துவர்):
அவர் செய்தவை கூச்சத்துக்கான வழக்கமான சோதனைகளே. எனாமல் தேய்ந்தோ ஈறு விலகியோ பல்லின் உள்ளடுக்கான டென்டின் வெளிப்படும்போது அதிலுள்ள நுண்குழாய்கள் திறந்துகொள்கின்றன. குளிர்ச்சி பட்டதும் அவற்றினுள் இருக்கும் திரவம் நகர்ந்து நரம்பைத் தூண்டுகிறது என்று 1960-களில் சுவீடனைச் சேர்ந்த பல் ஆய்வாளர் பிரான்ஸ்ட்ரோம் தந்த விளக்கத்தையே இன்றும் பெரும்பாலோர் ஏற்கிறோம். பொட்டாசியம் நரம்பை அடக்குகிறது. ஸ்டானஸ் ஃபுளோரைடு, அர்ஜினின் போன்றவை குழாயின் வாயை அடைக்கின்றன. பொட்டாசியம் கலந்த பசை வேலை செய்வதற்கு, நாள்தோறும் இருமுறை தேய்த்தாலும் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், ஒரு வாரத்தில் முடிவு கட்ட வேண்டாம்.

குளிர்ச்சி விலகியதும் கூச்சம் அடங்கிவிடுகிறதா என்பதைச் சொல்லுங்கள். வலி நீடித்தாலோ, இரவில் தானாக வந்தாலோ, கடிக்கும்போது குத்தினாலோ, சொத்தை, விரிசல், பற்கூழ் (பல்லினுள் நரம்பு இருக்கும் மென்திசு) அழற்சி ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். விரிசல் பல நேரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாது. கடிக்கச் சொல்லித்தான் கண்டுபிடிப்போம்.

பதில் 2:
சோதனையில் குறையில்லை என்றாலும், எந்த பிரஷ், எவ்வளவு அழுத்தம், எலுமிச்சைச் சாறு குடித்த கையோடு பல் தேய்க்கும் பழக்கம் உண்டா என்றெல்லாம் அந்த மருத்துவர் விசாரித்திருக்க வேண்டாமா? காரணம் தொடரும்வரை எந்தப் பசையும் முழுப் பலன் தராது. இன்னொன்று: தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும், வாய் நிறைய நீர்விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
குளிர்ச்சி போன மறுகணமே அடங்கிவிடுகிறது. அந்த இரு பற்களிலும் ஈறோரம் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் இருக்கிறது. பிரஷ் கடினமானதுதான், குறுக்குவாட்டில் அழுத்தித் தேய்ப்பேன்.

பதில் 1 (பல் மருத்துவர்):
அப்படியானால் தேய்மானமாகத்தான் தோன்றுகிறது. மென்மையான பிரஷுக்கு மாறிப் பசையைத் தொடருங்கள். சில வாரங்களுக்குப் பிறகும் குறையாவிட்டால் அதே மருத்துவரிடம் சென்று ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளலாம். பள்ளம் ஆழமென்றால் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருள் கொண்டு அடைப்பார். இந்த நிலையில் யாராவது எடுத்த எடுப்பிலேயே ரூட் கெனால் என்றால், காரணம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.