ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங் முதல் டாஸ்க்: கிராஃபைப் பார்த்தால் புரிகிறது, எழுதினால் 6தான் வருகிறது

இரவுப்பணி (நாகர்கோவில்):

வணக்கம். நான் ஸ்டாஃப் நர்ஸ், மெடிக்கல் வார்டில் ஆறு வருடமாக இருக்கிறேன். பிரிட்டனில் நர்ஸாக வேலை செய்யத் தேவையான என்.எம்.சி. (நர்சிங் கவுன்சில்) பதிவுக்காக அகாடெமிக் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதினேன். லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7. ரைட்டிங் மட்டும் 6. அவர்கள் கேட்பது 6.5. பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். "நாலு வரி எழுதத்தானே சொன்னாங்க" என்று மாமனார் கேட்டதுதான் இன்னும் மனதில் உறுத்துகிறது.

ரைட்டிங்கில் இரண்டாவது டாஸ்க்கான கட்டுரை சுமாராக வந்துவிடுகிறது. கிராஃபைப் பார்த்து விவரித்து எழுதும் முதல் டாஸ்க்தான் பிரச்சினை. கோச்சிங் வகுப்பில் ஒரு தாள் நிறைய வார்த்தைகள் கொடுத்தார்கள்: 'ஸ்கைராக்கெட்டட்' (ராக்கெட் போல் ஏறியது), 'பிளம்மெட்டட்' (பயங்கரமாக வீழ்ந்தது), 'டிராஸ்டிக்கலி' (கடுமையாக). எல்லாம் மனப்பாடம்.

தேர்வில் வந்த கேள்வியை வெளியே சொல்லக்கூடாது என்பதால் நானே ஒன்று வரைந்தேன். ஒரு கற்பனை நகரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் எதில் போகிறார்கள், சதவீதத்தில். 1990இல் பஸ் 50, ரயில் 30, கார் 20. 2000இல் பஸ்ஸும் காரும் ஆளுக்கு 35. 2010இல் பஸ் 20, கார் 50. ரயில் 30ஐச் சுற்றியே நிற்கிறது. நான் ஆங்கிலத்தில் எழுதியதன் பொருள் இது:

"1990இல் பஸ் கிராஃப் 50 சதவீதம். 1995இல் குறைந்தது. 2000இல் இன்னும் குறைந்தது. 2010க்குள் அது பயங்கரமாக வீழ்ந்து 30 சதவீதமாகக் குறைந்தது. மக்களிடம் வசதி பெருகியதால் கார் கிராஃப் ராக்கெட் போல் ஏறியது…"

எங்கே இடிக்கிறது?

குமரிக்கடல்:

ஒரு டெம்ப்ளேட் மனப்பாடம் பண்ணுங்க சிஸ்டர். கேள்வியில் இருக்கிற வரியை அப்படியே முதல் வரியாகப் போட்டால் முப்பது வார்த்தை ஆச்சு.

லீட்ஸ் அக்கா:

தம்பி சொன்னதைச் செய்யாதே தங்கச்சி. கேள்வியிலிருந்து அப்படியே எடுத்த வார்த்தைகளை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். நானும் இரண்டு முறை 6 வாங்கி, மூன்றாவதில்தான் தாண்டினேன். இப்போது லீட்ஸில் வார்டு வேலை.

உன் பத்தியைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. காலையில் டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியின் நிலையைச் சொல்லி எப்படி ஹேண்டோவர் கொடுப்பாய்? காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கும் டி.பி.ஆர். சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "ஆறு மணிக்கு 101, பத்து மணிக்கு 102, இரண்டு மணிக்கு 103" என்று ஒப்பிப்பாயா? "ராத்திரி முழுக்கக் காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்தது, இரண்டு மணிக்கு உச்சம், விடியும்போது இறங்கிவிட்டது" என்பாய். அதற்குப் பிறகுதான் எண்கள். அந்த முதல் வாக்கியத்துக்குத்தான் இந்தத் தேர்வில் ஓவர்வியூ என்று பெயர். உன் பத்தியில் அது இல்லவே இல்லை. தெளிவான ஓவர்வியூ இல்லாமல் விவரங்களை மட்டும் வரிசையாக ஒப்பித்தால், கேட்டதைச் செய்தோமா என்று பார்த்து மார்க் போடும் டாஸ்க் அச்சீவ்மென்ட் என்ற பகுதியில் 5 என்பதுதான் அவர்களின் அளவுகோல். மற்ற மூன்று பகுதிகள் உன்னைத் தூக்கிவிட்டிருக்கும்.

அடுத்தது, வசதி பெருகியதால் என்று எழுதினாயே, அது கிராஃபில் எங்கே இருக்கிறது? சார்ட்டில் காய்ச்சல் தெரியும், டைஃபாய்டா டெங்குவா என்று தெரியாது. காரணம் சொல்வதெல்லாம் இரண்டாவது டாஸ்க்கில் வைத்துக்கொள்.

இனி உண்மையான ஓட்டை. 50 எப்படி 20 ஆனது? 30 குறைந்தது. நீ எழுதியிருப்பது '30 சதவீதமாகக் குறைந்தது'. தமிழிலேயே இரண்டுக்கும் பொருள் வேறு, பார்த்தாயா? '30 குறைந்தது' என்றால் 'ஃபெல் பை'. '20 ஆகக் குறைந்தது' என்றால் 'ஃபெல் டு'. 'ஆக' வந்தால் 'டு', வராவிட்டால் 'பை'. எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாவது முறை தோற்ற பிறகு சமையலறையில் நின்று உளுந்து களைந்துகொண்டிருந்தபோது தோன்றியது. அன்றிலிருந்து அந்த இடத்தில் தவறியதில்லை.

அப்புறம், கிராஃப் ஏறாது. பஸ்ஸும் இறங்காது. பஸ்ஸில் போகிறவர்களின் விகிதம்தான் இறங்கும். எழுவாயில் 'ப்ரபோர்ஷன்' என்று போடு. 'ஸ்கைராக்கெட்டட்' இருபது வருடத்தில் நிதானமாக ஏறிய கோட்டுக்குப் பொருந்தாது. 'ரோஸ் ஸ்டெடிலி' போதும். பெரிய வார்த்தைக்கு மார்க் கிடையாது, பொருந்தும் வார்த்தைக்குத்தான். ரயிலுக்கு 'ரிமெய்ன்டு ஸ்டேபிள்'.

இருபது நிமிடத்துக்கு மேல் இதில் உட்காராதே. இரண்டாவது டாஸ்க்குக்கு இதைப்போல் இரண்டு மடங்கு எடை.

இரவுப்பணி:

அக்கா, ஹேண்டோவர் என்றதும் சிரித்துவிட்டேன். தினமும் செய்கிற வேலை! நைட் டியூட்டி முடிந்து வந்ததும் திரும்ப எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி:

"மொத்தத்தில், இந்த இருபது ஆண்டுகளில் பஸ்ஸும் காரும் இடம் மாறிக்கொண்டன, ரயிலில் பெரிய மாற்றம் இல்லை. 1990இல் பாதிப் பேர் பஸ்ஸில் போனார்கள். இந்த விகிதம் 2010இல் 20 சதவீதமாகக் குறைந்தது. இதே காலத்தில் காரில் போகிறவர்களின் விகிதம் 30 சதவீதம் உயர்ந்து 50ஐத் தொட்டது. 2000இல் இரண்டும் 35 சதவீதத்தில் சந்தித்தன."

ஆங்கிலத்தில் 'பிட்வீன் 1990 டு 2010' என்று எழுதிவிட்டு, 'டு'வை அடித்து 'அன்ட்' போட்டேன்.

கணக்கு வாத்தியார்:

நல்ல பத்தி அம்மா. 2000இல் சந்திக்கும் இடத்தைப் பிடித்தீர்களே, அதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு இடம் மட்டும். 20இலிருந்து 50க்குப் போனதை 30 சதவீத உயர்வு என்று சொல்ல முடியாது. 20இல் 30 சதவீதம் என்றால் 6தான், 26இல் நின்றுவிடும். உங்கள் கிராஃபில் உண்மையான உயர்வு 150 சதவீதம். சதவீதத்தையே கழித்துச் சொல்லும்போது '30 பர்சென்டேஜ் பாயின்ட்ஸ்' என்று எழுத வேண்டும். பதற்றத்தில் மறந்துபோகும் என்று பயமாக இருந்தால் 'ஃப்ரம் 20 பர்சென்ட் டு 50 பர்சென்ட்' என்று முதலையும் முடிவையும் மட்டும் எழுதிவிடுங்கள். கழிக்கவே வேண்டாம்.

இரவுப்பணி:

சரி சார், 'ஃப்ரம்–டு'தான். இன்று ராத்திரி டியூட்டி முடிந்ததும் ஒரு பை சார்ட் போடுகிறேன், வந்து திட்டுங்கள்.