கரையில் கிடைத்த பொழுது: முதல் கப்பல் பயணத்தில் இறங்கிய இடங்கள்

குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கத்து வீடு:

மே மாதத்தில் எங்கள் வாசலில் நின்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து விடியும் முன்பே ஏறி வந்த வேன்களைப் பார்க்கலாம். சிம்ஸ் பூங்காவில் இருபது நிமிடம், டால்பின் மூக்கில் பதினைந்து நிமிடம், அப்புறம் தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, படகு இல்லம். இருட்டுவதற்குள் மலையிறங்கிவிட வேண்டும். வழி கேட்டு நிறுத்துகிற குடும்பங்களிடம் "இரண்டு இடம் போதும், நிதானமாகப் பாருங்கள்" என்று சொல்வது எனக்கு வழக்கம்.

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் கப்பலேறி, மலேசியாவின் பினாங்கில் இறங்கிய அன்று அந்த அறிவுரை எனக்கே நினைவில் இல்லை. கையில் ஐந்து இடங்கள் எழுதிய தாள். முதலில் பினாங்கு மலை ரயில். 1923-இல் ஓடத் தொடங்கிய ரயில் அது. நம்முடைய மலை ரயிலின் பல்சக்கரச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் என்பதால் அதில் ஏறியே ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வரிசையில் நின்றே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. மேலே போனபோது மூடுபனி. அதை எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். அவசரமாக இறங்கி குவீன் தெருவுக்கு வந்தால், 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலில் உச்சிகாலம் முடிந்து நடை சாத்தியிருந்தார்கள்.

கோயிலுக்கு அருகில் பூக்கட்டும் ஓர் அம்மா. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "ஊரிலிருந்தா வருகிறீர்கள்? என் தாத்தா தேவகோட்டைக்காரர். உட்காருங்கள், தேநீர் சொல்கிறேன்" என்றார். முக்காலியைக்கூட இழுத்துப் போட்டுவிட்டார். கப்பலுக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. கும்பிட்டுவிட்டு ஓடினோம். ஓர் ஆண்டாகியும் அந்த வெற்று முக்காலி என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தக் கோயிலும் தெருவும் துறைமுகத்திலிருந்து நடந்து போகிற தூரம். இறங்கியதும் அங்கே போயிருந்தால் நடையும் திறந்திருக்கும், அந்த அம்மாவோடு அரை நாள் பேசியும் இருக்கலாம்.

கரையிறங்கும் நேரத்தை நீங்கள் எப்படித் திட்டமிட்டீர்கள்? முதல் முறை போகிறவர்களுக்காக எழுதுங்கள். யாரைச் சந்தித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஊட்டி பிங்கர்போஸ்ட், முன்னாள் கப்பல் சமையல்காரர்:

பதினொரு ஆண்டு பயணிகள் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரில் தங்கும் விடுதி நடத்துகிறேன். அக்காவின் தாளில் இருந்த பிழை இடங்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. நேரத்தை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பதிலும் இருக்கிறது.

நம் மலையில் மஞ்சூர், கிண்ணக்கொரை பக்கத்துக்காரர் ஊட்டிக்கு வந்தால் முதலில் கேட்பது கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைத்தான். சந்தை, மருத்துவமனை, வங்கி எல்லாம் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்காகும். துறைமுகத்திலும் அதே கணக்குத்தான். கப்பல் ஆறு மணிக்குப் புறப்படும் என்றால், பயணிகள் ஏறி முடிக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னால் இருக்கும். தினமும் அறைக்கு வரும் தாளில் அந்த நேரம் அச்சிட்டிருக்கும். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே துறைமுக வாசலில் நிற்கப் பாருங்கள். காலையிலும் கொஞ்சம் கழியும். கப்பலைக் கரையில் கட்டிய உடனே யாரையும் இறக்க மாட்டார்கள். உள்ளூர் அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகுதான் கதவு திறக்கும், முதல் கூட்டத்தில் வரிசை நீளும். தாளில் எட்டு மணி நேரம் என்றிருந்தால் உங்களுடையது ஐந்தரை, மிஞ்சினால் ஆறு.

சில ஊர்களில் கப்பல் கரையைத் தொடாது. கடலில் நங்கூரமிட்டு, டெண்டர் என்கிற சிறு படகுகளில் இறக்குவார்கள். தாய்லாந்தின் புக்கெட்டில் பட்டோங் கடற்கரைக்கு அப்படித்தான் பெரும்பாலும் போக வேண்டியிருக்கும். போகவும் வரவும் படகு வரிசை உண்டு. அலை அதிகமானால் சக்கர நாற்காலியில் இருப்பவர்களை ஏற்ற மாட்டார்கள், சில நாள் படகே விட மாட்டார்கள். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் பதிவு செய்யும்போதே எந்தெந்த ஊரில் டெண்டர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போனால் விலை கூடும். ஆனால் அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போனால் அந்தப் பாதுகாப்பு இல்லை. மேல் தளத்தில் நின்று, கரையில் ஓடி வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஒரு தம்பதி வரவேயில்லை. அறைப் பெட்டகத்திலிருந்த அவர்களுடைய பாஸ்போர்ட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்பட்டோம். அடுத்த ஊருக்கு விமானச் செலவு அவர்களுடையது. பாவம், அந்த முகங்களைப் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொடைக்கானல் பெருமாள்மலை:

கடிகாரம் பற்றி ஐயா எழுதவில்லை, நான் சொல்கிறேன். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணி பின்னால். எங்கள் பயணத்தில் கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தது. புக்கெட்டில் இறங்கியதும் என் கைப்பேசி தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிட்டது. மூன்று மணிதானே என்று கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறேன், கப்பலில் மணி நான்கு. மனைவி பழைய கைக்கடிகாரம் கட்டியிருந்ததால் பிழைத்தோம். இறங்கும் முன் கப்பல் நேரம் எது என்று கேட்டு, சாவி கொடுக்கிற கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.

பினாங்கில் நாங்கள் தண்ணீர்மலைக்கு மட்டும் போனோம். அங்கே மலைமேல் முருகன் கோயில். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். மேலே பாலதண்டாயுதபாணி. எங்கள் ஊரிலிருந்து வெயில் தெளிந்த நாளில் பழனி மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிடுகிற எனக்கு, கடல் தாண்டி அதே தண்டாயுதபாணியைப் பார்த்தபோது பேச்சு வரவில்லை. படியில் மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் ஒரு பெரியவர் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்த கதையைச் சொன்னார். நாற்பது நிமிடம் இருக்கும். வேறெங்கும் போகாததால்தான் அதைக் கேட்க முடிந்தது.

கோத்தகிரி, தோட்டத்து மகள்:

நான் எழுத வேண்டும் என்று சில நாளாக நினைத்திருந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா பிறந்தது இலங்கையில், பண்டாரவளைக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். 1972-இல், அம்மாவுக்குப் பதினைந்து வயதில், தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம். அதற்குப் பிறகு அம்மா கடலைக் கடந்ததில்லை.

2023-இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டபோது சேமிப்பை எடுத்து இரண்டு டிக்கெட் வாங்கினேன். மனத்தில் ஒரே எண்ணம்தான். அம்பாந்தோட்டையில் இறங்கி, வண்டி பிடித்து, அம்மாவைப் பிறந்த லயத்தின் முன் நிறுத்த வேண்டும்.

வரைபடத்தை வைத்துப் பல இரவுகள் கணக்குப் போட்டேன். நூறு கிலோமீட்டருக்கு மேல். வெல்லவாய வரைக்கும் சமவெளி, பிறகு எல்ல வழியாக மலையேற்றம். போக மூன்று மணி, வர மூன்று மணி. நேரம் இருக்கிறது போலத்தான் தெரிந்தது. ஆனால் மலைச்சாலையை நம்பிப் பிறந்தவர்கள் நாம். கோத்தகிரி சாலையில் ஒரு மரம் விழுந்தால் எத்தனை மணி நேரம் நிற்போம் என்பது எனக்குத் தெரியும். அங்கே ஒரு லாரி குறுக்கே நின்றால் என்ன செய்வேன்? அம்மாவை எந்தக் கரையில், யாரிடம் வைத்துக்கொண்டு நிற்பேன்? ஊரையே விட்டு ஒரு முறை ஏற்றி அனுப்பப்பட்டவரைக் கப்பல் விட்டுப் போன கரையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. "அப்படியானால் கதிர்காமம் போவோம். எங்கள் அப்பா தோட்டத்திலிருந்து எங்களைக் கூட்டிப்போவார்" என்றார். துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர வழி, மலையேற்றம் இல்லை. திரும்பி வரும் வரைக்கும் ஒரே வண்டி என்று பேசி, பாதிப் பணத்தை மட்டும் முதலில் கொடுத்தேன். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதைத் தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டினேன்.

அங்கே மாணிக்க கங்கையில் கால் நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கருவறையில் சிலையைப் பார்க்க முடியாது, திரைதான் தெரியும். சிறுமியாக நின்ற இடத்திலேயே நின்று அம்மா அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பழத்தட்டு விற்கிற சிங்களப் பெண்மணி, அம்மா வயதுதான், சிங்களத்தில் ஏதோ கேட்டார். அம்மா சிங்களத்தில் பதில் சொன்னார். ஐம்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒரு சொல்கூட அம்மா அந்த மொழியில் பேசி நான் கேட்டதில்லை. எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். அம்மா இந்தியா என்றும் சொல்லவில்லை, கோத்தகிரி என்றும் சொல்லவில்லை. "பண்டாரவளை" என்றார். அந்தப் பெண்மணி எழுந்து வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தட்டுக்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரும் கித்துள் பாணி என்கிற கூந்தல்பனைப் பாகும். அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கப்பலில் ஏற இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

லயத்தைப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. அதற்குக் கப்பல் சரிப்படாது. விமானத்தில் போய், அங்கேயே நான்கு நாள் தங்க வேண்டும். பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கத்து வீடு:

தோட்டத்து மகளே, படித்துவிட்டு வெகுநேரம் எழுத வரவில்லை. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லம்மா.

பிப்ரவரியில் அதே கப்பலில் மறுபடியும் பதிந்திருக்கிறோம். இந்த முறை பினாங்கில் குவீன் தெரு மட்டும்தான். இறங்கியதும் நேராகப் பூக்கடைக்குப் போகப் போகிறேன். அந்த அம்மாவுக்குக் கொடுக்க நம் மலையிலிருந்து என்ன கொண்டுபோகலாம் என்று பிங்கர்போஸ்ட் தம்பி சொன்னால் நல்லது. வீட்டுத் தோட்டத்துப் பழமும் கொஞ்சம் நாற்றும் எடுத்துவைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஊட்டி பிங்கர்போஸ்ட், முன்னாள் கப்பல் சமையல்காரர்:

பழம், நாற்று, விதை எதுவும் வேண்டாம் அக்கா. கரையில் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கடையில் வாங்கிய, உறை பிரிக்காத தேயிலை கால் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். பில்லும் கூடவே இருக்கட்டும். உங்கள் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவுக்கானதா என்று இப்போதே பாருங்கள். பினாங்கிலிருந்து திரும்பும்போது மறுபடியும் சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டுமே.