நூல்கடை குடும்பம்: ஈரோடு டனல் ஏன் திணறுது?

*செவ்வாய்க்கிழமை*

சண்முகம், மாலை 6:12
கவி கண்ணு, ஈரோட்டுல டேலி மறுக்கா நின்னுபோச்சு. லாரி வந்து நிக்குது, பில்லு போட முடியல. ஒரு எண்ட்டர் தட்டுனா அஞ்சு செகண்டு கழிச்சுத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகுது.

வேலுசாமி, 6:14
இங்க திருப்பூர்ல நல்லா ஓடுதே. நெட்டுக்காரங்களுக்குப் போன் பண்ணுனியா சண்முகம்?

சண்முகம், 6:15
பண்ணுனேங்ணா. ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்கன்னாங்க. போட்டா 90க்கு மேல காட்டுது. ரவுட்டர்ல பச்சை லைட்டும் எரியுது. அவங்க பக்கம் கோளாறு இல்லன்னு வச்சுட்டாங்க.

பிரபு, 6:17
அக்கா, இன்னொண்ணும் இருக்கு. மத்தியானம் பார்ட்டி ஸ்டேட்மெண்ட் பிடிஎஃப் ஒண்ணைத் திருப்பூர் சர்வர்ல இருந்து எடுத்தேன். ஆரம்பிச்சு அப்படியே நின்னுடுச்சு. அப்ப லாரியும் இல்ல, கூட்டமும் இல்ல.

கவிதா, 6:31
இப்பத்தான் ஆபீஸ்ல மீட்டிங் முடிஞ்சுது. பிரபு, நீ சொன்னது ரொம்ப முக்கியம். சாயங்காலம் இழுக்கறதும், மத்தியானம் ஃபைல் நின்னதும் வேற வேற கோளாறு. தனித்தனியாத்தான் பாக்கணும்.

கவிதா, 6:34
சித்தப்பா, அந்தப் பச்சை லைட்டை நம்பாதீங்க. ரவுட்டருக்குக் கரண்டு வருது, ஒயர் செருகியிருக்கு, அவ்வளவுதான் அது சொல்லும். நம்ம ரெண்டு கடைக்கும் நடுவுல ஓடறது வயர்கார்ட் டனல், அதாவது இன்டர்நெட் வழியாவே டேட்டாவைப் பூட்டி அனுப்பற நம்ம தனிப் பாதை. அதுல "கனெக்ட் ஆயிருக்கு"ன்னு ஒரு நிலையே கிடையாதுங்க. அனுப்ப ஏதாச்சும் இருந்தா பூட்டி அனுப்பும், இல்லன்னா பேசாம இருக்கும். டேட்டா ஓடிக்கிட்டிருந்தா சுமாரா 2 நிமிசத்துக்கு ஒருக்கா ரெண்டு பக்கமும் புதுச்சாவி மாத்திக்கும். கடைசியா எப்ப மாத்துச்சுன்னு ரவுட்டர்ல பாக்கலாம். 3 நிமிசத்தைத் தாண்டியும் மாத்தலைன்னா டனல் செத்துருச்சுன்னு அர்த்தம். இப்ப பாத்தேன், 40 செகண்டுக்கு முன்னாடி மாத்தியிருக்கு. அதனால டனல் உயிரோடதான் இருக்கு.

வேலுசாமி, 6:36
உயிரோட இருந்தா ஏம்மா இழுக்குது? நமக்குன்னே தனியா இழுக்கற லீஸ்டு லைனுக்குக் கொட்டேசன் வாங்கி வச்சிருக்கேன். சரின்னு சொல்லிடட்டுமா?

கவிதா, 6:37
இருங்கப்பா. அளந்து பாக்காம காசு போட வேண்டாம்.

கவிதா, 6:45
திருப்பூர் கடையில அந்தச் சின்ன மெசின்ல ஸ்மோக்பிங்னு ஒரு புரோகிராம் ஏற்கனவே போட்டு விட்டிருக்கேன். அது விடாம பிங்னு ஒரு சின்னச் சோதனைத் தகவலை அனுப்பி, போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகுதுன்னு கிராஃப் போட்டுக்கிட்டே இருக்கும். மூணு இடத்துக்கு அனுப்புது. ஒண்ணு, திருப்பூர் நெட் கம்பெனியோட முதல் ரவுட்டர். ரெண்டு, ஈரோடு ரவுட்டரோட வெளி முகவரி, டனலுக்கு வெளிய. மூணு, அதே ஈரோடு ரவுட்டருக்கு டனலுக்கு உள்ள.

உள்ளயும் வெளியயும் சேந்து ஏறுனா லைன்ல கோளாறு. உள்ள மட்டும் ஏறுனா டனல்ல கோளாறு. வெளிய அளக்காம டனலை மட்டும் அளந்தா யாரைக் கேக்கறதுன்னே தெரியாது.

பிரபு, 6:46
இப்ப எது ஏறியிருக்குதுக்கா?

கவிதா, 6:49
ஈரோட்டுக்குப் போற ரெண்டும். சாயங்காலம் 5:50 வரைக்கும் 14 மில்லிசெகண்டு. அதுக்கப்புறம் 400ஐத் தாண்டி நிக்குது, உள்ளயும் வெளியயும் ஒரே மாதிரி. திருப்பூர் கம்பெனி ரவுட்டருக்கு மட்டும் கோடு ஏறாம 3லயே நிக்குது. அப்ப நம்ம டனலும் குத்தமில்ல, திருப்பூர் லைனும் குத்தமில்ல. ஈரோட்டு லைன்ல ஏதோ அடைச்சிருக்கு.

வேலுசாமி, 6:50
ஈரோடு 50 கிலோமீட்டர்தானே, நல்ல நாள்லயே 14 எதுக்கு?

கவிதா, 6:54
நேரா போனா போக வர அரை மில்லிசெகண்டுதான்ப்பா. கண்ணாடி இழையில ஒளி செகண்டுக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆனா ரெண்டு கடையிலயும் வேற வேற கம்பெனி. அவங்க ரெண்டு பேரும் கை கோக்கறது சென்னையில. திருப்பூர்ல இருந்து சென்னை போய், அங்கிருந்து ஈரோடு வந்து, அதே வழியில திரும்பணும். அதுக்கு 14 நியாயம்தான். 400 நியாயமில்ல.

கவிதா, 6:55
பிரபு, மறுபடி ஸ்பீடு டெஸ்ட் போடு. இந்தத் தடவ டவுன்லோடைப் பாக்காத. அப்லோடு எவ்வளவு, பிங் எவ்வளவுன்னு மட்டும் சொல்லு.

பிரபு, 6:58
அப்லோடு 2 தான் வருதுக்கா. பிளான்ல 20ன்னு போட்டிருக்கு. பிங் 380.

கவிதா, 6:59
அப்ப மீதி 18ஐ நம்ம கடைக்குள்ளயே ஏதோ ஒண்ணு எடுத்துக்குது. சாயங்காலம் மட்டும் எது மேல அனுப்பும்?

சண்முகம், 7:01
லாரி லோடு ஏத்தறப்ப கேமரா எல்லாம் ஓடும் கண்ணு. ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் அது படம் புடிச்சு மேல கிளவுடுக்கு அனுப்பும்னு மாட்டுனவரு சொன்னாரு. மத்த நேரம் சும்மா இருக்கும்.

கவிதா, 7:02
சித்தப்பா, அதேதான்! லாரி எத்தன மணிக்கு வந்துச்சுங்க?

சண்முகம், 7:02
ஆறுக்குப் பத்து இருக்கும்.

கவிதா, 7:10
கிராஃப் ஏறுனதும் அப்பத்தான். நடக்கறது இதுதான்: கேமரா எல்லாம் சேந்து லைன் தாங்கறதுக்கு மேல அனுப்புது. மீதியை மோடம் தூக்கிப் போடாம வரிசையில நிறுத்தி வைக்குது. செகண்டுக்கு 20 மெகாபிட்டு போற லைன்ல 1 மெகாபைட்டு, அதாவது 8 மெகாபிட்டு வரிசை நின்னா, அது காலியாக 0.4 செகண்டு ஆகும். அதான் அந்த 400. உங்க பில்லும் அதே வரிசைக்குப் பின்னாலதான் நிக்குது. டேலி ஒரு எண்ட்டருக்குப் பன்னண்டு தடவ திருப்பூர் சர்வருக்குப் போய் வந்தாலே அஞ்சு செகண்டு போச்சு.

இதுக்கு பஃபர்ப்ளோட்னு பேரு. கூட அப்லோடு வாங்குனாலும் கேமரா அதையும் நிரப்பிடும். வரிசையைத்தான் சரி பண்ணணும். எஃப்க்யூ கோடல்னு ஒரு முறை இருக்கு, 2018ல ஆர்எஃப்சி 8290ங்கற இன்டர்நெட் ஆவணமா வெளிவந்தது. ஆளுக்கொரு வரிசை பிரிச்சு, கொஞ்சமா அனுப்பறவங்களை முன்னால விட்டுடும். நம்ம ரவுட்டர்லயே இருக்கு. அப்லோடை 18ன்னு கட்டிட்டா வரிசை மோடத்துல சேராது, நம்ம கையில இருக்கும்.

பிரபு, 7:12
அக்கா, ஆனா கேமராவோட டிவிஆர் பெட்டி ஒயர் நம்ம ரவுட்டர்ல இல்ல. நெட்காரங்க பெட்டியில நேரா குத்தியிருக்கு.

கவிதா, 7:13
நல்லவேளை பாத்த. அங்கயே இருந்தா நம்ம ரவுட்டருக்கு அது தெரியவே தெரியாது. லாரி போனதும் புடுங்கி நம்ம ரவுட்டரோட மூணாவது ஓட்டையில செருகிடு. மத்ததை நான் இங்கிருந்து மாத்தறேன்.

சரஸ்வதி, 7:15
கவி, சாப்டியா சாமி? வேலை வேலைன்னு இருக்காத.

கவிதா, 7:16
சாப்டறேன்மா. பிடிஎஃப் சமாச்சாரத்தை முடிச்சுட்டு.

கவிதா, 7:28
பிரபு, இது உனக்கு. பழைய முகவரி முறையான ஐபிவி4ல ரெண்டு கடையும் சிஜிநாட்டுக்குப் பின்னால இருக்கு, அதாவது ஒரே முகவரியைப் பல பேருக்குப் பங்கு வச்சிருக்காங்க. அதனால டனலைப் புது முறையான ஐபிவி6 வழியா போட்டிருக்கோம். டேட்டா பாக்கெட்டுங்கற சின்னத் துண்டுகளாத்தான் போகும். வயர்கார்ட் ஒவ்வொரு பாக்கெட்டையும் பூட்டி மேல உறை போடும். நூல் கோனைப் பெட்டியில வச்சா பெட்டி அளவு கூடற மாதிரி, ஐபிவி6ல 80 பைட்டு கூடும். டனலோட எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டோட உச்ச அளவு, வழக்கமா வர்ற 1420ல இருக்கு. 1420ம் 80ம் சேந்தா 1500. ஆனா ஈரோட்டு லைன் பிபிபிஓஇங்கற இணைப்பு முறை, அது 8 பைட்டு எடுத்துக்கும், 1492தான் தாங்கும். சின்ன பில்லு போயிடும். பிடிஎஃப்ல வர்ற முழுசா நிரம்புன பாக்கெட்டு போகாது.

ஐபிவி6ல நடுவழி ரவுட்டர் பாக்கெட்டை உடைக்காது. "பெருசா இருக்கு"ன்னு ஐசிஎம்பி தகவல் திருப்பி அனுப்பணும். அந்தத் தகவலை வழியில யாராச்சும் தடுத்துட்டா அனுப்புனவனுக்குத் தெரியாமலே பாக்கெட்டு காணாமப் போயிடும். லைட்டும் எரியும், பிங்கும் போகும், ஃபைல் மட்டும் நிக்கும். சின்ன பிங்கை மட்டும் அளந்துட்டு "டனல் நல்லாருக்கு"ன்னு எழுதற ரிப்போர்ட்டெல்லாம் இந்த இடத்துல உதவவே உதவாது.

பிரபு, 7:30
எப்படி உறுதி பண்றதுக்கா?

கவிதா, 7:32
உடைக்காதேங்கற குறியோட திருப்பூர் சர்வருக்குப் பிங் போடு. முதல்ல சைஸ் 1392, அப்புறம் 1380. பிங் தன் பங்குக்கு 28 பைட்டு சேக்கும், அதனால அது 1420, 1408ன்னு ஆகும். வயர்கார்ட் எம்டியுவைத் தாண்டாம 16 பைட்டு கணக்குல நிரப்பித்தான் அனுப்பும், அதான் 16ஆல வகுபடற 1408.

பிரபு, 7:39
1392க்குப் பதிலே இல்ல. 1380க்கு உடனே பதில் வருது! ஒவ்வொண்ணா ஏத்திப் பாத்தேன், 1381லயே நின்னுடுச்சு.

கவிதா, 7:40
1492ல 80 போனா 1412. 1408 அதுக்குள்ள அடங்குது, அதைத் தாண்டுனா வயர்கார்ட் 1420 வரைக்கும் நிரப்பிடும், அடங்காது. கணக்கு அப்படியே நிக்குது. ரெண்டு பக்கமும் எம்டியுவை 1412ன்னு வைக்கறேன்.

கவிதா, 7:47
வச்சாச்சு. அந்த ஸ்டேட்மெண்டை இப்ப எடு.

பிரபு, 7:48
வந்துடுச்சுக்கா, முழுசா!

*புதன்கிழமை*

சண்முகம், மாலை 6:25
லாரி வந்து அரைமணி நேரமாச்சு. பில்லு போட்டுக்கிட்டே இருக்கேன், தட்டுனா தட்டுன வேகத்துல போகுது கண்ணு. கேமராவும் ஓடுது.

கவிதா, 6:33
கிராஃப்லயும் தெரியுதுங்க சித்தப்பா. உள்ள 17, வெளிய 16. ரெண்டும் ஒட்டியே வருது.

வேலுசாமி, 6:35
லீஸ்டு லைன்காரரை வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆனா நாளைக்கு மறுபடி ஆனா எப்படித் தெரியும்? லாரி நின்ன பொறவுதான் தெரியோணுமா?

கவிதா, 6:44
இல்லப்பா, முன்னாடியே மெசேஜ் வர்ற மாதிரி போடறேன். சராசரியை வச்சுப் போட மாட்டேன், அது நம்மள ஏமாத்தும். நாள்ல 22 மணி நேரம் 14லயும், 2 மணி நேரம் 400லயும் இருந்துச்சுன்னு வைங்க. சராசரி 46தான் வரும், பாக்கறதுக்கு நல்லாவே இருக்கும். ஆனா அந்த ரெண்டு மணி நேரம்தான் நம்ம யாவாரமே. அதனால கடை நேரத்துல அஞ்சு நிமிசம் சேந்தாப்புல 100ஐத் தாண்டுனா ஒரு மெசேஜ். சாவி மாத்தி 3 நிமிசம் தாண்டுனா ஒண்ணு. பெரிய சைஸ் பிங்குக்குப் பதில் வரலைன்னா ஒண்ணு. எது ஏறுச்சு, உள்ளயா வெளியயான்னும் அதுலயே இருக்கும். வெளியன்னு வந்தா அந்தக் கிராஃபை அப்படியே நெட்டுக்காரங்களுக்கு அனுப்புங்க. ஸ்பீடு டெஸ்ட் போடுங்கன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

சண்முகம், 6:46
மெசேஜ் யாருக்கு வரும்?

கவிதா, 6:46
உங்களுக்கும் பிரபுவுக்கும். எனக்கும் வரும்.

பிரபு, 6:48
அக்கா, டனல் வழியா மொத்தம் எவ்வளவு வேகம் வரும்னு ஐபெர்ஃப் ஓட்டிப் பாக்கலாமா?

கவிதா, 6:49
ஓட்டலாம், ஆனா அது லைனையே நிரப்பிடும். கடை நேரத்துல தொடாத. சனிக்கிழமை ராத்திரி சாத்துன பொறவு கூப்பிடு, ரெண்டு பக்கமும் ஓட்டுவோம்.

பிரபு, 6:50
ஒம்பதரைக்குக் கூப்பிடறேன்.