இரத்த வாந்தி: காரணத்தைப் பொறுத்து உயிராபத்து மாறுமா?

பொன்னி வடகரை:
என் மாமனார் இரத்த வாந்தி எடுத்து மருத்துவமனையில் இருக்கிறார். கல்லீரல் சுருக்க நோயால் உணவுக்குழாயின் இரத்த நாளங்கள் புடைத்து வெடித்திருப்பது எண்டோஸ்கோபியில் தெரிந்ததால், அவற்றை இறுக்கிக் கட்டும் ரப்பர் வளையம் (பேண்ட்) போட்டு இரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். ஆயினும் ஆறு வாரம் கடந்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார் மருத்துவர். சென்ற ஆண்டு என் சித்தப்பாவும் இப்படித்தான் இரத்த வாந்தி எடுத்தார். இரைப்பைப் புண் என்றார்கள், சில நாள்களில் வீடு திரும்பிவிட்டார். ஏன் இந்த வேறுபாடு? மேலும், ஹீமோகுளோபின் 8 இருக்கும்போது இரத்தம் ஏற்ற மறுப்பது சரிதானா?

கரிசல் மருத்துவன்:
அம்மா, புண்ணில் ஒரு நாளம் அரிக்கப்படுகிறது. அதை அடைத்து, புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியை ஒழித்து, அதே கேட்டைச் செய்யும் வலி மாத்திரைகளையும் நிறுத்திவிட்டால் காரணமே பெரும்பாலும் நீங்கிவிடும். உங்கள் மாமனாருக்கோ பேண்ட் போட்ட பின்னும் கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் அழுத்தம் அப்படியே இருக்கிறது. அதோடு இரத்தக்கசிவே நோய்த்தொற்றையும் சிறுநீரகப் பாதிப்பையும் நினைவுக் குழப்பத்தையும் தூண்டக்கூடும் என்பதால்தான், இரத்தம் நின்ற பிறகும் ஆன்டிபயாடிக் தொடர்கிறது. இவ்வகையில் ஆறு வார இறப்பு சுமார் 15 முதல் 20 விழுக்காடு. கல்லீரல் மிகவும் நலிந்த 'சைல்டு சி' நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு. கல்லீரல் செயல்பாடு நன்றாக இருப்பவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். ஆகவே அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

இரத்தத்தைப் பொறுத்தவரை மறுப்பு சரியே. பார்சலோனாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், 7க்குக் கீழே இறங்கினால் மட்டும் இரத்தம் ஏற்றப்பட்டவர்களில் 95 விழுக்காட்டினரும், 9க்குக் கீழே இறங்கியதுமே ஏற்றப்பட்டவர்களில் 91 விழுக்காட்டினரும் ஆறு வாரத்தில் உயிருடன் இருந்தார்கள். மிகுதியாக ஏற்றினால் அந்தச் சிரையின் அழுத்தம் உயரும்.

மலைச்சாரல்:
புண் என்றால் எளிது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஹாங்காங்கில் நடந்த பெரிய ஆய்வொன்றில், புண் கசிவால் அனுமதிக்கப்பட்டு இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் இரத்த இழப்பால் அல்லாமல், உறுப்புச் செயலிழப்பு, நுரையீரல் கோளாறு, புற்றுநோய் போன்றவற்றாலேயே இறந்தார்கள். கடும் வாந்தியால் உணவுக்குழாய் கிழிந்து கசிவதோ பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும்.

கரிசல் மருத்துவன்:
உண்மை. பொன்னி அம்மா, வீடு திரும்பும்போது அடுத்த பேண்டுக்கான தேதியையும், அந்தச் சிரையின் அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் போன்ற மாத்திரை தொடங்கப்படுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்புச் சிகிச்சை இல்லாவிடில் ஓரிரு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு மீண்டும் கசிகிறது.