தசையின் மைட்டோகாண்ட்ரியா மந்தமாவது சர்க்கரை நோய்க்குக் காரணமா, விளைவா?

கேள்வி: வைகைக்கரை
என் தாய், தந்தை இருவருக்குமே இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உண்டு. எனக்கு 31 வயது; மெலிந்த உடல், வெறும் வயிற்றில் சர்க்கரை அளவும் இதுவரை சரியாகவே இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு ஷுல்மன் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் பிள்ளைகளுக்கு நோய் வருவதற்கு முன்பே தசை மைட்டோகாண்ட்ரியாவின் (செல்லுக்குள் எரிபொருளை ஆற்றலாக மாற்றும் நுண்ணுறுப்பின்) வேலை குறைந்திருந்தது என்று படித்தேன். அப்படியானால் எனக்கும் அந்தக் குறை இப்போதே இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டுமா?

மறுமொழி 1: நுண்ணோக்கி
அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளின் பிள்ளைகள் எல்லோரையும் சேர்க்கவில்லை. அவர்களுள் இன்சுலினுக்குத் தசை சரிவரச் செவிசாய்க்காதவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, வயது, எடை, உடலுழைப்பு ஆகியவற்றில் அவர்களை ஒத்த மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இன்சுலினைச் சீராகச் செலுத்திக்கொண்டே, இரத்தச் சர்க்கரை இறங்காமல் இருக்க எவ்வளவு குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று பார்ப்பது இந்தக் குறையை அளக்கும் சோதனை. குறைவாக ஏற்றினாலே போதுமானதாக இருந்தால், தசை சர்க்கரையை உள்வாங்கவில்லை என்று பொருள்.

பிறகு தசையை வெட்டி எடுக்காமலேயே, காந்த ஒத்ததிர்வுக் கருவிக்குள் கெண்டைக்காலை வைத்து, பாஸ்பரஸ் தரும் சமிக்ஞையைக் கொண்டு செல் செலவிடும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி உருவாகும் வேகத்தை அளந்தார்கள். அந்த வேகம் சுமார் 30 விழுக்காடு குறைந்திருந்தது; தசை நாருக்குள் தேங்கிய கொழுப்போ சுமார் 80 விழுக்காடு கூடியிருந்தது. எரிக்கப்படாத கொழுப்பிலிருந்து உண்டாகும் டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்புப் பொருள் இன்சுலின் சமிக்ஞையை இடையிலேயே தடுத்துவிடுகிறது என்பது ஷுல்மனின் விளக்கம். அதன்படி பார்த்தால், மைட்டோகாண்ட்ரியாவின் மந்தம் முதலில் வருகிறது, நோய் பின்னால் வருகிறது.

மறுமொழி 2: பழைய ஆய்வக ஆள்
அந்த வரிசை எனக்கு ஒருபோதும் முழு நிறைவைத் தந்ததில்லை. மேயோ கிளினிக்கில் ஸ்ரீகுமாரன் நாயர் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, நம்மவர்களைப் பற்றியது என்பதற்காகவே இங்கே பேசப்பட வேண்டியது. இந்தியர்களையும் வட ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கர்களையும் ஒப்பிட்ட அவர்கள், இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்க்காத நிலை) மிகுந்திருந்த இந்தியர்களின் தசையில்தான் ஏடிபி உருவாக்கும் திறன் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். அதைவிட முக்கியமாக, நோயுள்ள இந்தியர்களுக்கும் நோயில்லாத இந்தியர்களுக்கும் அந்தத் திறனில் வேறுபாடு தென்படவில்லை.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்று நான் சொல்லமாட்டேன். அளந்த பொருளே வேறு. நாயர் குழு தசையிலிருந்து எடுத்த துணுக்கில், வேண்டிய எரிபொருளை எல்லாம் கொடுத்து, உச்சத் திறனைப் பார்த்தது. யேல் குழு ஓய்வில் இருக்கும் காலில், அந்த நேரத்தில் நடக்கும் உற்பத்தியைப் பார்த்தது. ஓர் அரிசி ஆலை நாளொன்றுக்கு நூறு மூட்டை அரைக்கும் திறன் உடையதாக இருக்கலாம்; இன்று வந்த நெல் இருபது மூட்டைதான் என்றால் இருபதுதான் அரைபடும், அதைக் கொண்டு ஆலை பழுது என்று சொல்லிவிட முடியாது. ஓய்வில் உள்ள தசையில் ஏடிபியின் தேவையே உற்பத்தியைப் பெரிதும் தீர்மானிப்பதால், குறைந்த வேகம் பழுதைக் காட்டுகிறதா, குறைந்த தேவையைக் காட்டுகிறதா என்பதை அந்த ஓர் அளவீட்டால் மட்டும் பிரித்தறிய இயலாது.

மறுமொழி 3: செவ்வந்தி
மைட்டோகாண்ட்ரியாவின் பழுதே ஐயத்துக்கு இடமின்றிக் காரணமாக அமையும் ஒரு வகையும் உண்டு. தாய்வழியாக வரும், காது கேளாமையோடு சேர்ந்த சர்க்கரை நோய் அது. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில் 3243ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறுவதால் உண்டாகிறது என்று 1992இல் கண்டறிந்தார்கள். ஆனால் அங்கே முதன்மையாகப் பாதிக்கப்படுவது இன்சுலின் சுரக்கும் கணையச் செல்கள். தசையைப் பற்றிய மேலே உள்ள வாதத்துக்கு அதைச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது.

வைகைக்கரை
மூவருக்கும் நன்றி. இந்த உற்பத்தித் திறன் பிறவியிலேயே வரையறுக்கப்பட்டதா, உழைப்பால் கூடக்கூடியதா?

மறுமொழி 4: பழைய ஆய்வக ஆள்
கூடும். செயின்ட் லூயிஸில் ஜான் ஹொலோசி 1967இலேயே, வாரக்கணக்கில் ஓடப் பழக்கிய எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரு மடங்காவதைக் காட்டிவிட்டார். ஆனால் உடற்பயிற்சி செய்த மறுநாளே தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்ப்பதும் உண்டு. அத்தனை விரைவில் மைட்டோகாண்ட்ரியா பெருகிவிடுவதில்லை; ஆகவே அந்த முன்னேற்றத்துக்கு அதன் பெருக்கத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.