போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் வெளியிலிருந்து டிவிஆர் திறக்கவில்லை

வெண்ணாறு:
மன்னார்குடி பக்கம் நெல் குடோனில் டிவிஆர் (கேமரா படத்தைப் பதிவு பண்ணும் பெட்டி) இருக்கிறது. ஐபி 192.168.1.64, போர்ட் 8000. வெளியிலிருந்து வருகிற கனெக்‌ஷன் டிவிஆருக்குப் போக, ரவுட்டரில் அந்த ஐபிக்கு டிசிபி 8000-ஐ ஃபார்வர்டு பண்ணியாச்சு. குடோன் வைஃபையில் படம் வருகிறது, தஞ்சாவூரில் மொபைல் டேட்டாவில் வரவில்லை. ரவுட்டரின் வான் ஐபி (வெளிப்பக்க ஐபி) 192.168.100.2. அதற்கு முன்னால் இருக்கும் ஃபைபர் பாக்ஸில் 100.72 என்று ஆரம்பிக்கிற ஐபி காட்டுகிறது. எங்கே தப்பு?

கோரையாறு:
உங்க ரூல் சரிதாண்ணே. 100.64 முதல் 100.127 வரை ஆரம்பிக்கிற ஐபி எல்லாம் சிஜிநாட்டுக்கு ஒதுக்கினது. அதாவது, இன்டர்நெட் கம்பெனி ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. வெளியிலிருந்து வருகிற கனெக்‌ஷன் கம்பெனியின் அந்த சிஜிநாட்டிலேயே நின்றுவிடும். உங்க ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பிரயோஜனமில்லை. ஆபரேட்டரிடம் ஸ்டேடிக் ஐபி (உங்களுக்கென்று மாறாத பொது ஐபி) கேளுங்க, தனிக் கட்டணம் இருக்கும்.

ஸ்டேடிக் ஐபி வந்தாலும் ரெண்டு நாட் பிரச்சினை நிற்கும்: ஃபைபர் பாக்ஸும் ரவுட்டரும் தனித்தனியாக ஐபியை மாற்றும். பாக்ஸை பிரிட்ஜ் மோடில் (லைனை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும்படி) போட்டு, பிபிபிஓஇ (லைன் லாகின்) யூசர்நேம், பாஸ்வேர்டை உங்க ரவுட்டரில் கொடுக்கணும். விலான் ஐடியையும் (லைனுக்கான அடையாள எண்) ஆபரேட்டரிடம் முன்னாடியே வாங்கிடுங்க, அது இல்லாமல் லைன் ஏறாமல் போகலாம்.

குடமுருட்டி:
டிவிஆரின் கேட்வேயையும் (வெளியே போகும் வழியாக அது வைத்திருக்கும் ஐபி) பாருங்க. அங்கே ரவுட்டர் ஐபி (192.168.1.1 மாதிரி) இருக்கணும். தப்பாக இருந்தால் குடோனுக்குள் படம் ஓடும், வெளியே போகிற பதிலுக்கு மட்டும் வழி தெரியாது. நிறைய பேர் தவறவிடுவது இதைத்தான். கரண்ட் போய் வந்தால் ஐபி மாறிவிடாதபடி டிவிஆரின் மேக் அட்ரஸை (கருவியின் அடையாள எண்) வைத்து ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் போடுங்க, எப்போதும் அதே ஐபி கிடைக்கும்.

டெஸ்ட் பண்ணும்போது வைஃபையை அணைத்துவிடுங்க. உள்ளே இருந்துகொண்டே பொது ஐபியை அடித்தால் பல ரவுட்டர்களில் திறக்காது. அதை வைத்து ரூல் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டவேண்டாம்.

அரசலாறு:
ஸ்டேடிக் ஐபிக்குக் காசு கட்டுமுன் ஒரு வார்த்தை. டிவிஆரை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்காதீங்க, தயவுசெய்து. 2016-ல் மிராய் பாட்நெட் (கருவிகளைக் கைப்பற்றித் தாக்குதலுக்குப் பயன்படுத்தும் வைரஸ்) பிடித்ததில் நிறைய, கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராவும் டிவிஆரும்தான். 8000-க்குப் பதில் வேறு நம்பர் வைத்தாலும் ஸ்கேன் பண்ணுகிறவன் கண்டுபிடித்துவிடுவான்.

குடோனில் ஒரு ராஸ்பெரி பை (சின்ன கம்ப்யூட்டர்) வைத்து டெய்ல்ஸ்கேல் (உங்க கருவிகளை மட்டும் இணைக்கும் விபிஎன்) போடுங்க. அது உள்ளேயிருந்து வெளியே போகிற கனெக்‌ஷன், அதனால் சிஜிநாட் தடுக்காது, போர்ட்டும் திறக்கவேண்டாம். பையை சப்நெட் ரவுட்டராக்கி (குடோன் நெட்வொர்க்குக்கே வழி காட்டும்படி செய்து) 192.168.1.0/24-ஐ அறிவித்து, அட்மின் பக்கத்தில் அந்த ரூட்டை அப்ரூவ் பண்ணணும். பையில் ஐபி ஃபார்வர்டிங்கையும் ஆன் பண்ணுங்க. இதில் ஒன்று விட்டாலும் பை மட்டும் கிடைக்கும், டிவிஆர் கிடைக்காது. போனிலும் டெய்ல்ஸ்கேல் ஏற்றியபின் டிவிஆர் ஆப்பில் 192.168.1.64-ஐயே கொடுங்க. ஒரே சிக்கல்: நீங்க தஞ்சாவூரில் இருக்கும் வீட்டு வைஃபையும் 192.168.1 வரிசையாக இருந்தால் ரெண்டும் மோதும். அப்படியானால் குடோன் வரிசையை 192.168.47 மாதிரி மாற்றிவிட்டு அப்புறம் ஆரம்பியுங்க; மேலே சொன்ன ஐபிகளையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்க.